அனுமதி இல்லாமல் ஏறிய கோடு

வாரியத்தின் அறுபத்திரண்டு ஆண்டு வரலாற்றில் ஒரு கோடு அனுமதி வாங்காமல் மேலே ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் மேலாளரின் முதுகுக்குப் பின்னால்.

குடிநீர் வாரியத்தின் வரவேற்புக் கூடத்தில் கதவு அகலத்துக்கு ஒரு திரையை மாட்டி, குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். திரையில் ஒரு வரைபடம். ஒன்பதாம் பம்ப் நிலையத்தைப் பற்றி ஒரு நாளைக்கு எத்தனை புகார் வந்தது என்பதைக் காட்டும் நீலக் கோடு ஒன்று கீழே படுத்திருந்தது. மேலே, ஐம்பது என்ற எண்ணுக்கு நேராக, சிவப்பாக இன்னொரு கோடு. ஒரே நாளில் ஐம்பது புகாரைத் தாண்டினால் பம்ப்பை மூட வேண்டும், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். விதி மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

பதினொரு பம்ப் இருக்க ஒன்பதை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அதற்குப் புகாரே வராது என்று துணை மேலாளர் உறுதி சொல்லியிருந்தார்.

அந்த வரைபடத்தைச் செய்தவள் புகார்ப் பிரிவு எழுத்தர். இருபது வருடமாகப் புகார்களைப் பதிகிறாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பதிவம்மா என்றே பெயர். அதற்கு முன்னால் வரைபடம் மாதத்துக்கு ஒன்று, கையால் போட்டு, கலர் அடித்து, ஏழு கையெழுத்து வாங்கி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்படும். மாட்டுவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். அதனால் வாரியம் எப்போதுமே, மக்கள் குடித்துச் செரித்துவிட்ட தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாள் கணினிப் பயிற்சிக்கு இருபது பேரை அனுப்பினார்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும் வகுப்பில் உட்கார்ந்திருந்தது பதிவம்மா மட்டும். அங்கே கற்றுக்கொண்டது எளிய விஷயம்தான். இத்தனையாவது வரியிலிருந்து இத்தனையாவது வரி வரை என்று கணினிக்குச் சொல்லி வரைந்தால், படம் அதோடு நின்றுவிடும். கீழே புதிதாக எதைச் சேர்த்தாலும் திரும்பிப் பார்க்காது. மொத்தத்தையும் அட்டவணை என்று அறிவித்துவிட்டால், ஒரு வரி சேர்ந்ததும் அட்டவணை தன்னால் நீளும், படமும் கூடவே நீளும். யாரையும் கேட்காது.

இந்தக் கடைசி விஷயத்தை அவள் மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அவரும் படித்துப் பார்க்காமல் பாராட்டியிருந்தார்.

திறப்பு விழாவில் மேலாளர் ரிப்பனை வெட்டி, திரைக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். "நம்ம வாரியத்துல புகார் குறைஞ்சுக்கிட்டே வருது. இதை நான் சொல்லல. எனக்குப் பின்னாடி இருக்கிற கோடு சொல்லுது."

அந்த நேரம் பார்த்து மூலையில் பதிவம்மாவின் மேஜைத் தொலைபேசி அடித்தது. ஒன்பதாம் பம்ப் பகுதி. தண்ணீர் பழுப்பாக வருகிறதாம். பழக்க தோஷம், பதிந்தாள். வைத்ததும் மறுபடி அடித்தது. பதிந்தாள். மேலாளர் 'வெளிப்படைத்தன்மை' என்ற சொல்லை மூன்றாம் முறை சொன்னபோது கோடு பன்னிரண்டில் இருந்தது. 'மக்களின் நம்பிக்கை'க்கு வந்தபோது பத்தொன்பது. முன்வரிசை கழுத்தை மெல்ல நிமிர்த்திக்கொண்டே வந்தது. தன் பேச்சின் உயரத்தைத்தான் சபை அண்ணாந்து பார்க்கிறது என்று நினைத்த மேலாளர் குரலை இன்னும் உயர்த்தினார்.

"ஐயய்யோ, ஏறுதும்மா" என்று வாசல் காவலர் கிசுகிசுத்தார்.

"ஏறத்தான் செய்யும். போன் அடிக்குதுல்ல" என்றாள் பதிவம்மா, தட்டிக்கொண்டே.

அன்றைக்குக் கோடு ஐம்பதை எட்டாமல் நின்றுவிட்டது; ஆனாலும் பிற்பகலில் அவசரக் கூட்டம். மேலாளர் மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். மேஜையும் ஏறிவிடுமோ என்ற பயம் போல.

"யாரைக் கேட்டு ஏறிச்சு?"

"புகார் வந்துச்சு சார், பதிஞ்சேன். பதிஞ்சா ஏறிடும். தானா மாறணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"தானான்னா என்ன அர்த்தம்? நாம சொல்றப்ப தானா மாறணும்!"

துணை மேலாளர் தொண்டையைச் செருமினார். எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பவர் என்பதால் அவரைப் படிவத்தார் என்பார்கள். அவர் காதுபடச் சொன்னாலும் கோபப்பட மாட்டார், பெருமைப்படுவார்.

"சார், இதுல ஒரு அடிப்படைக் கேள்வி இருக்கு. ஒரு கோடு ஏறுதுன்னா, நிலைமை மோசமாயிருக்குன்னு அர்த்தம். நிலைமை மோசம்னு சொல்ற அதிகாரம் யாருக்கு? இந்தம்மாவுக்குக் கிடையாது. எனக்கே கிடையாது. உங்களுக்கும் மேலிடத்தைக் கேட்டாத்தான் உண்டு. அப்படியிருக்க, ஒரு கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குச் சொல்லலாமா? முப்பது வருஷமா இங்க வேலை பார்க்கிறேன். தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஒரு நாள் கூட நான் வாயைத் திறந்து சொன்னதில்ல. அந்தக் கட்டுப்பாடு கோட்டுக்கும் வேணும்."

"இறங்குறதுக்கு?" என்று கேட்டார் மேலாளர்.

"இறங்குறதுக்கு அனுமதி வேண்டாம் சார். அது இயல்பா நடக்குறது."

சாயங்காலத்துக்குள் 'ஏற்ற அனுமதிப் படிவம்' தயாராகிவிட்டது. ஒரு புகாருக்கு ஒரு படிவம், நான்கு பிரதி, ஐந்து கையெழுத்து. அதன் பிறகே அட்டவணையில் ஏற்றலாம். அனுமதி கிடைத்த நாளே புகார் வந்த நாளாகக் கொள்ளப்படும் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. ஐந்தாவது கையெழுத்து நீர்த்தர அலுவலருடையது. அந்தப் பணியிடம் பதினொரு வருடமாகக் காலி.

"அப்ப அந்தக் கையெழுத்தை யார் சார் போடுவாங்க?"

"அது காலியிடத்தோட பிரச்சினை. நம்ம வேலை அனுப்பி வைக்கிறது" என்றார் படிவத்தார்.

எனவே படிவங்கள் நீர்த்தர அலுவலரின் அறைக்குப் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தன. முதல் நாள் நாற்பத்தி நான்கு. மறுநாள் கைப்பிடி உயரத்துக்கு வந்தன. பதினொரு வருடத்தில் முதன்முறையாக அந்த அறையில் யாரோ இருப்பது போலிருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் பதிவம்மா தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை குடியிருப்பது ஒன்பதாம் பம்ப் தண்ணீர் போகும் தெருவில், இரண்டாம் மாடியில். சமையலறைக் குழாய்க்குக் கீழே வாளி நிறைந்து நின்றது. பால் ஊற்றாத டீயின் நிறம். குனிந்தால் துருவும் சாக்கடையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. தங்கை மகள், ஆறு வயது, வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பெரியம்மா வந்தால் கைப்பையைப் பிடுங்கிக் கொட்டிப் பார்க்கிற பிள்ளை, அன்றைக்குத் தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு நாளா வாந்தி" என்றாள் தங்கை. "எதைக் கொடுத்தாலும் நிக்க மாட்டேங்குது."

"ஏண்டி, இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்க?"

"தெளிய வச்சு, வடிகட்டித்தான். நானும் புகார் பண்ணேனே. நீதானே போனை எடுத்தே?"

"எடுத்தேன். தண்ணியைக் காய்ச்சலையா?"

"எதிர்வீட்டுக்காரர் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தாரு. உங்க ஆபீஸ்ல பெரிய திரை வச்சிருக்காங்களாமே. கோடு தரையோட தரையாப் படுத்துக்கிடக்குதாம். ஒண்ணும் பயமில்லன்னு தெரு பூரா சொல்லிட்டாரு. நீ செஞ்ச படம்தானேக்கா அது? உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?"

பதிவம்மா அடுப்பைப் பற்ற வைத்து, வீட்டில் இருந்த பெரிய பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி ஏற்றினாள். குமிழி கிளம்பும் வரை அதன் முன்னாலேயே நின்றாள்.

"இனிமே இப்படித்தான். ஒரு சொட்டு பச்சைத் தண்ணி உள்ள போகக் கூடாது. பக்கத்து வீட்லயும் சொல்லு."

தங்கை சொன்னாள். பக்கத்து வீடு அடுத்த வீட்டுக்குச் சொன்னது. அந்த வீட்டுக்காரர் வாரியத்துக்கே போன் போட்டு, "காய்ச்சணுமாமே, உண்மையா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் காலை பதிவம்மாவின் மேஜையில் மெமோ காத்திருந்தது.

"உங்க தங்கச்சிகிட்ட தண்ணியைக் காய்ச்சச் சொன்னீங்களா?" என்றார் படிவத்தார்.

"ஆமா சார். பாப்பாவுக்கு வாந்தி..."

"எந்த அறிவிப்பு எண்ணோட சொன்னீங்க?"

"அடுப்படியில நின்னுக்கிட்டு சொன்னேன் சார்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "பாருங்கம்மா, எனக்கும் பிள்ளைங்க இருக்கு. பாசம் எனக்கும் புரியும். ஆனா வாரியத்துல வேலை செய்ற ஒருத்தர் காய்ச்சுங்கன்னு சொன்னா, வாரியமே சொன்ன மாதிரி ஆயிடும். வாரியம் சொல்லாததை வாரியம் சொன்ன மாதிரி ஆக்கினது முதல் குற்றம். அது உண்மையா வேற இருந்து தொலைச்சா ரெண்டாவது குற்றம்."

"சார் வீட்ல காய்ச்சுறீங்களா?"

"நாங்க கேன் வாங்குறோம்" என்றார் அவர், இடைவெளியே விடாமல்.

இனி அலுவலகத் தொலைபேசியிலோ வெளியிலோ காய்ச்சுதல் குறித்துப் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். இன்னொரு மெமோ வந்தால் வேலை நிற்கும். மாதம் பிறந்தால் பள்ளிக்கூடம், வாடகை என்று வீட்டில் எல்லாமே அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. எழுதிக் கொடுத்தாள்.

இதற்கிடையில் கோடு பூஜ்யத்தில் பத்து நாள் இருந்துவிட்டது. தினமும் காலையில் மேலாளர் கூடத்துக்கு வந்து, திரையைப் பார்த்து, நல்லபடியாகத் தூங்கும் குழந்தையைப் பார்த்தவர் போல நிம்மதியாக மேலே போவார். ஒன்பதாம் பம்ப்பில் புகாரே இல்லை என்ற செய்தி மேலிடத்துக்கு எட்டி, வாரியத்துக்குச் சிறப்பு விருது என்று முடிவாகிவிட்டது. விருது தர ஆணையரே நேரில் வருகிறாராம்.

விழா அன்று காலை எட்டு மணிக்குத் தங்கை அழைத்தாள். வாலுவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கையில் ஊசி குத்தி டிரிப் ஏறுகிறது. "வார்டுல இருக்கிற பிள்ளைங்க பூரா நம்ம பக்கம்தான்க்கா. ஒரு கட்டில்ல ரெண்டு ரெண்டு பேரா போட்டிருக்காங்க. நீ காய்ச்சச் சொல்றதுக்கு முன்னாடியே குடிச்சிட்டாளாம், இப்ப காய்ச்சி என்ன பிரயோசனம்னு டாக்டரம்மா திட்டுறாங்க."

பதிவம்மா லீவு கேட்க மேலாளர் அறைக்கு ஓடினாள். அங்கே வேறு ஒரு ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆணையர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் நிலுவையில் எத்தனை கோப்பு என்றுதான் கேட்பாராம். நீர்த்தர அலுவலரின் நாற்காலியில் இருநூற்றுப் பதின்மூன்று படிவங்கள் நிலுவையில் உட்கார்ந்திருந்தன.

"நிலுவை பூஜ்யமாகணும், ஒன்பது மணிக்குள்ள!" என்று மேலாளர் கத்தினார்.

பதினொரு வருடமாகத் தீராத சிக்கல் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்தது. படிவத்தார் படிவங்களை எடுத்துத் தரையில் வைத்தார், அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார், 'பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மற்ற நால்வரும் வரிசையாகப் போட்டார்கள். ஒருவரும் ஒன்றையும் படிக்கவில்லை. படித்தால் ஒன்பது மணிக்குள் முடியாது.

"பிடிம்மா. எல்லாத்தையும் ஏத்திடு. ஏத்தினாத்தான் முடிஞ்ச கணக்கு" என்றார் மேலாளர்.

பதிவம்மா கட்டைக் கையில் வாங்கினாள். மேலே இருந்தது தங்கையின் புகார். லீவு கேட்க வந்த வாய் வேறொன்றைக் கேட்டது.

"எல்லாத்தையுமா சார்?"

"எல்லாத்தையும்."

"இன்னைக்குத் தேதியிலதான் சார் விழும். படிவத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"தேதியா இப்ப முக்கியம்? நிலுவை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எதிர்த்துப் பேசாம போய்ச் செய்!"

எதிர்த்துப் பேசாமல் போய்ச் செய்தாள்.

ஆணையர் ஒன்பது மணிக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் திரைக்கு நேராக உட்கார்ந்தார். மேலாளர் வரவேற்றுப் பேச எழுந்தபோது பதிவம்மா மூலையில் பதினேழாவது படிவத்தில் இருந்தாள். "பத்து நாளாகப் பூஜ்யம்" என்று அவர் கையை விரித்தபோது முப்பத்தி ஆறு. வாசல் காவலர் கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பது தாண்டியது. நீலக் கோடு சிவப்புக் கோட்டை ஒரு வெட்டு வெட்டிவிட்டு மேலே போனது. திரையின் அளவு போதாததால் வரைபடம் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டு இடம் விட்டது. நூறு. நூற்று நாற்பது. இருநூறு. இருநூற்றுப் பதின்மூன்றில் வந்து நின்றபோது, சிவப்புக் கோடு எங்கேயோ காலடியில் கிடந்தது.

மேலாளர் இப்போது திரும்பிப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. பதிவம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆணையரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதியை அறிந்த ஒருவராவது இந்த ஊரில் இருப்பார் என்றால் அது இவராகத்தான் இருக்கும். இப்போது எழுந்திருப்பார், பம்ப்பை மூடு என்பார்.

ஆணையர் எழுந்தார். கை தட்டினார்.

"பிரமாதம்! என் அனுபவத்துல எத்தனையோ வரைபடம் பார்த்திருக்கேன். எல்லாம் தூங்கிக்கிட்டே இருக்கும். எங்க போனாலும், ஏறணும், ஏறணும்னு தலையால அடிச்சுக்கிறேன். இன்னைக்கு, என் கண் முன்னாடி, என்னா ஏற்றம்! இலக்கு ஐம்பதுதானே, அந்தச் சிவப்புக் கோடு? நாலு மடங்கு தாண்டியிருக்கீங்க. இது எதைக் காட்டுற படம்ங்கிறது முக்கியமில்ல. எப்படிக் காட்டுதுங்கிறதுதான் முக்கியம்."

முதலில் படிவத்தார் தட்டினார். அப்புறம் கூடமே தட்டியது. மேலாளரின் முகத்தில் போன ரத்தம் திரும்பி வந்தது. "எல்லாம் ஒரு கூட்டு முயற்சி சார்" என்றார்.

ஆணையர் கார் ஏறியதும் பதிவம்மா விதிப் புத்தகத்தோடு மேலாளர் முன்னால் போய் நின்றாள். அவர் விருதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஐம்பதைத் தாண்டிடுச்சு. அதிகாரப்பூர்வமா, அஞ்சு கையெழுத்தோட. பம்ப்பை மூடணும். அறிவிப்பு கொடுக்கணும்."

"என்னம்மா நீ, விவரம் புரியாம பேசுற? ஆணையர் பாராட்டிட்டுப் போயிருக்காரு. இப்ப அறிவிப்பு கொடுத்தா, அவர் எதைப் பாராட்டினாரு? பாராட்டினதுக்கு மறுப்பு வெளியிட நம்மகிட்ட படிவம் இருக்கா?" என்று படிவத்தாரைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார் படிவத்தார். முப்பது வருடத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்குது சார். என் தங்கச்சி பொண்ணு..."

"கோடு ஏறினா ஏதோ கெட்டதுன்னு நாம இத்தனை நாளா தப்பா நெனச்சுட்டோம்மா" என்றார் மேலாளர், பரிவோடு. "ஏறுற கோடு நல்ல கோடு. பெரியவங்க சொல்லும்போதுதான் நமக்கே புரியுது."

வெளியே ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று ஒன்பதாம் பம்ப் பகுதிக்குக் கிளம்பியது. விருது கிடைத்த செய்தியைத் தெருத்தெருவாகச் சொல்லப் போகிறதாம்.

பதிவம்மா தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். எதிரே இருநூற்றுப் பதின்மூன்று படிவங்கள். ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர், தெரு, தொலைபேசி எண். நான்கு பிரதியில். இவ்வளவு ஒழுங்காக இந்த எண்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்ததற்கு அவள் படிவத்தாருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மேஜை டிராயரில் அவள் எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் நகல் இருந்தது. டிராயரைத் தள்ளி மூடினாள்.

முதல் எண்ணை அழுத்தினாள். "வணக்கம், வாரியத்துலேருந்து பேசுறோம்..."

"விருது வாங்கிட்டீங்களாமே. கார்ல சொல்லிட்டுப் போறாங்க. சந்தோஷம். அப்ப தண்ணி நல்லாருக்குதானே?" வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது எண்ணில் வேறு கதை. வாரியத்திலிருந்து யார் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாக நடப்பது என்று அந்த வீட்டில் முடிவே செய்திருந்தார்கள். மூன்றாவது எண்ணுக்கு அவள் வாரியத்தை விட்டுவிட்டாள்.

"நான் வாலுவோட பெரியம்மா பேசுறேன். மூணாவது சந்துல, ரெண்டாம் மாடி... ஆமா, ஆஸ்பத்திரியில இருக்காளே, அவதான். தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. நல்லாக் கொதிக்கணும். பிள்ளைங்களுக்கு அதை மட்டும் கொடுங்க."

எதிர்ப்பக்கம் ஒரு பெண் குரல், உள்ளே யாரையோ பார்த்து: "ஏய், அந்தச் சொம்பைக் கீழ வை!"

பதிவம்மா, யாரிடம் சொன்னோம், யாரிடம் சொல்லவில்லை என்று குழம்பாமலிருக்க, அட்டவணையில் அன்றைய எண்ணிக்கைக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒன்று என்று தட்டினாள். மேலே 'சொன்னது' என்று தலைப்பு. முந்தைய நாட்களுக்கு நேராகப் பூஜ்யம் போட்டாள். உண்மை அதுதானே. அடுத்த வீட்டுக்குப் பிறகு இரண்டு. அப்புறம் மூன்று. பக்கவாட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ந்ததும் அட்டவணை வழக்கம் போல யாரையும் கேட்காமல் அகன்றது. கூடத்துத் திரையில், அடியிலிருந்து, பச்சையாக ஒரு கோடு கிளம்பியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வாசல் காவலர் கவனித்தார். பார்க்காத மாதிரி ஸ்டூலைத் தூக்கித் திரைக்கு முன்னால் போட்டு, தன்னால் முடிந்த அளவுக்கு அகலமாக உட்கார்ந்தார்.

விருந்து முடிந்து மேலாளர் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். காவலரின் தலைக்கு மேலே பச்சை தெரிந்தது. நின்றார். பதிவம்மாவின் காதில் ரிசீவர் இருந்தது.

"இது என்னம்மா புதுசா, பச்சைக் கோடு?"

அவள் கையால் ரிசீவரின் வாயைப் பொத்தினாள். மெமோ, வாடகை, டிரிப் ஏறும் சின்னக் கை, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின.

"ஏறுற கோடுதான் சார்."

மேலாளர் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். ஏறிக்கொண்டுதான் இருந்தது, தொண்ணூற்று ஐந்தில். அவர் முகம் மலர்ந்தது.

"நல்லது. ஏறட்டும், ஏறட்டும்" என்று சொல்லி மாடிப்படியில் ஏறினார்.

இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பதிவம்மா அடுத்த படிவத்தைப் புரட்டினாள். கைக்குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் சரியில்லை என்று பத்து நாளுக்கு முன்னால் சொன்ன வீடு. எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது.